புகலிடத் தொட்டியில் பாசிப் பயிர்

கடல்நீர் மீன் தொட்டியோடு குழாய் வழியே இணைந்து, அதே நீரைப் பகிர்ந்துகொண்டு, மீன்கள் மட்டும் நுழைய முடியாதபடி பிரிந்திருக்கும் தொட்டியே புகலிடத் தொட்டி. வளர்ப்போர் பேச்சில் இது ரெஃப்யூஜியம். பெரும்பாலும் இது தனித் தொட்டியாக இருப்பதில்லை. காட்சித் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் மறைந்திருக்கும் ‘சம்ப்’ என்னும் அடித்தொட்டியில் ஓர் அறையை இதற்கென ஒதுக்கிவிடுகிறார்கள். மேலிருந்து வழிந்து வரும் நீர் துணிப்பையில் வடிந்து, கழிவை நுரையோடு வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மரைக் கடந்து, பாசி வளரும் அறைக்குள் நுழைகிறது. அங்கிருந்து கடைசி அறைக்குப் போய், மோட்டார் வழியே மீண்டும் மேலே ஏறுகிறது. நடுவிலுள்ள அந்த அறையில் ஒரு கூடை அளவுக்குக் கடற்பாசி, அதற்கு மேல் ஒரு விளக்கு. பார்வைக்கு அவ்வளவுதான். ஆனால் மேலே இருக்கும் பவளங்களின் நிறமும் கண்ணாடியின் தெளிவும் பெரும்பாலும் இந்த அறையின் நலத்தைப் பொறுத்தே அமைகின்றன.

பாசியைக் கொண்டே கடல்நீரைத் தூய்மையாக்கலாம் என்பதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஏடி. வாஷிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1980-இல் அவர் அமைத்த பவளத்திட்டுத் தொட்டியின் நீரைச் சுத்தம் செய்தது, வலைத்தட்டுகளில் புல்தரை போல வளர்ந்த பாசி. அந்த முறைக்கு 1982-இல் காப்புரிமையும் பெற்றார். இன்று வீடுகளில் உள்ள புகலிடத் தொட்டிகள் வடிவத்தில் அதிலிருந்து மாறியிருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். நீரில் கரைந்து கிடக்கும் கழிவைப் பாசி தன் உடலாக மாற்றிக்கொள்கிறது. அந்த உடலை மனிதன் கையால் வெளியே எடுக்கிறான்.

அந்தக் கழிவு எங்கிருந்து வருகிறது? மீனுக்குப் போடும் தீனியிலிருந்துதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். உலர்தீனியில் 45 விழுக்காடு புரதம் என்றும், புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன் என்றும் கொண்டால், ஒரு கிராம் தீனியில் 0.072 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. மீன் தின்று கழித்ததும், தின்னாமல் விட்டதும் அம்மோனியாவாகின்றன. பாறைகளில் வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த 0.072 கிராம் நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டானால் ஏறத்தாழ 0.32 கிராம். 300 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டி வரும். நாளுக்கு ஒரு கிராம் தீனி போட்டால் வாரத்தில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் நைட்ரேட் கூடும். மீன் வளர்ச்சிக்குப் போனது, பாறையின் உட்புறத்தில் ஆக்சிஜன் இல்லாத இடங்களில் வாழும் நுண்ணுயிர்கள் வாயுவாக மாற்றிவிட்டது, ஸ்கிம்மர் நுரையோடு வெளியேற்றியது எல்லாம் போக மீதம் நீரில் தங்கும். கடலில் ஒரு பவளத்திட்டின் கழிவைக் கரைக்கப் பெருங்கடலே இருக்கிறது. தொட்டிக்கு அது இல்லை.

இனி பாசியின் பக்கம். கசக்கிப் பிழிந்து நீர் வடித்த 100 கிராம் பாசியில் உலர்ந்த பொருள் சுமார் 10 கிராம் என்றும், அதில் 3 விழுக்காடு நைட்ரஜன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் 0.3 கிராம் நைட்ரஜன், அதாவது 1.3 கிராமுக்குச் சற்று மேற்பட்ட நைட்ரேட் வெளியே போகிறது. அதே 300 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 4.4 மில்லிகிராம். நான்கு நாள் தீனியின் கடன் ஒரு பிடிப் பாசியில் தீர்ந்துவிடுகிறது. இனத்துக்கும் நீரின் வளத்துக்கும் ஏற்ப இந்த எண்கள் மாறும். ஆனாலும் வாரத்துக்கு எவ்வளவு அறுக்க வேண்டும் என்ற மதிப்பீட்டுக்கு இவை போதும். அறுக்காமல் விட்ட பாசி எதையும் வெளியேற்றுவதில்லை. அது சேமித்துத்தான் வைத்திருக்கிறது. அழுகினால் அத்தனையையும் ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். பாசி வளர்ந்து அறையை நிறைத்ததைக் கண்டு மகிழ்ந்து அப்படியே விட்டுவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை.

எந்தப் பாசி? பத்தில் எட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றது கீட்டோமார்ஃபா, சுருக்கமாகக் ‘கீட்டோ’. ஓர் இழையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உருளை வடிவச் செல்கள் ஒன்றன் பின் ஒன்றாக, கிளையே இல்லாமல், கோத்த மணிமாலை போல வரிசையாக இருப்பது தெரியும். தொட்டால் தூண்டில் நரம்பு போல விறைப்பாக இருக்கும். சிக்கலான நரம்புப் பந்து போலச் சுருண்டு மிதக்கும் இது எதிலும் வேர் ஊன்றாது, பாறையைப் பற்றாது. கத்திரிக்கோலால் பாதியை வெட்டி எடுத்தாலும் மீதிப் பாதி நலமாக இருக்கும். அறுவடைக்கு இதைவிட எளிதான பாசி இல்லை.

கஞ்சிப்பாசி என்று மண்டபம், இராமேசுவரம் பக்கத்துக் கடலோர மக்கள் அழைக்கும் கிராசிலேரியா இனமும் தொட்டிகளில் வளர்கிறது. சிவந்த, சதைப்பற்றுள்ள கிளைகள் கொண்ட இது கீட்டோவைவிட மெதுவாகத்தான் வளரும். ஆனால் அறுத்ததை அப்படியே சர்ஜன் மீனுக்கும் ஓரா மீனுக்கும் தீனியாகக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் ஊட்டம் தொட்டிக்குள்ளேயே சுற்றி வரும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும். அல்வா எனப்படும் கடல்கீரை மிக வேகமாக வளரும், அதே வேகத்தில் கிழிந்து மோட்டாரை அடைக்கும்.

காலர்ப்பாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இறகு போன்ற இலைகள், தரையில் ஓடும் தண்டு, பற்றிக்கொள்ளும் வேர் போன்ற இழைகள் என ஒரு செடியைப் போலவே தோன்றும் இந்தப் பாசி முழுவதும் ஒரே செல். உள்ளே குறுக்குச் சுவர்கள் இல்லை. எண்ணற்ற உட்கருக்கள் ஒரே குழம்பில் மிதக்கின்றன. நைட்ரேட்டை வாங்குவதில் கீட்டோவுக்குச் சற்றும் குறைந்ததல்ல. சிக்கல் அதன் இனப்பெருக்கத்தில் இருக்கிறது. பருவம் வந்த காலர்ப்பா தன் உடலின் உயிர்ப்பொருள் முழுவதையும் இனச்செல்களாக மாற்றி நீரில் விட்டுவிட்டு மடிந்துவிடும். கரீபியன் கடலில் பனாமா கரையோரம் பச்சைப் பாசிகள் பல ஒரே விடியலில் இப்படிப் பொழிவதைக் கென்னத் கிளிஃப்டன் 1997-இல் ‘சயன்ஸ்’ இதழில் விவரித்தார். திட்டில் அது அழகான காட்சி. 300 லிட்டர் தொட்டியில் அதுவே விபத்து. காலையில் விளக்கைப் போட்டால் நீர் பச்சைப் பால் போலக் கலங்கியிருக்கும். நேற்றுவரை பச்சையாக இருந்த பாசி கண்ணாடித் தாள் போல வெளுத்துத் தொங்கும். அது சேர்த்து வைத்த ஊட்டம் எல்லாம் நீருக்குத் திரும்ப, ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேல்மட்டத்தில் வாய் திறந்து தவிக்கும். விளக்கை 24 மணி நேரமும் எரிய விட்டால் இது தள்ளிப்போகும் என்பது வளர்ப்போரிடையே நிலவும் நம்பிக்கை. அடிக்கடி அறுப்பதும் உதவும். இருந்தாலும் வீட்டுத் தொட்டிக்குக் காலர்ப்பா தேவையற்ற ஆபத்து என்றே சொல்ல வேண்டும்.

பாசியைத் தேர்ந்த பிறகு அடுத்து வருவது ஒளி. பச்சைப் பாசியின் பச்சையம் நீல ஒளியில் 430 முதல் 460 நானோமீட்டர் வரையிலும், சிவப்பு ஒளியில் 640 முதல் 660 நானோமீட்டர் வரையிலும் அதிகம் உறிஞ்சுகிறது. கடலில் சிவப்பு ஒளி முதல் சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் நீரால் விழுங்கப்பட்டுவிடும். அதனால்தான் பவளத் தொட்டிகளுக்கு நீல விளக்கு. ஆனால் புகலிட அறையின் ஆழம் ஓர் அடிதான். சிவப்பு தடையில்லாமல் பாசியை எட்டும். எனவே வீட்டுச் செடிகளுக்கு விற்கப்படும் இளஞ்சிவப்பு எல்.இ.டி. விளக்கு இங்கே நன்றாகவே வேலை செய்கிறது. காட்சித் தொட்டியின் விலையுயர்ந்த நீல விளக்கை இங்கே வாங்கி மாட்டுவது வீண் செலவு.

ஒளி எவ்வளவு என்பதைவிட அது எங்கே விழுகிறது என்பது முக்கியம். நன்கு வளர்ந்த கீட்டோப் பந்து ஒன்றை இரண்டாகப் பிளந்து பார்த்தால் வெளியே இரண்டு விரல் கனத்துக்கு அடர் பச்சை, உள்ளே வெளிறிய மஞ்சள், நடுவில் சாம்பல் நிற வண்டல் பூசிய வழுவழுப்பு. முகர்ந்தால் அழுகல் வாடை. வெளி இழைகளே உள் இழைகளுக்கு நிழலாகிவிட்டன. பந்து பெரிதாகப் பெரிதாக உயிருள்ள பகுதி மேற்பரப்பில் மட்டும் மிஞ்சுகிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நீரோட்டத்தால் பந்தை மெதுவாகப் புரள வைப்பது. மற்றது, தட்டையாகப் பரப்பி வைத்து அறுவடையின்போது மேலே உள்ளதை எடுத்துவிடாமல் அடியில் வெளிறியதை அகற்றுவது. நல்ல பச்சையை அறுத்துவிட்டு வெளிறியதை விட்டு வைத்தால் பயிரின் விதையைத் தின்றதாகும்.

நீரோட்டம் புரள வைக்க மட்டும் அல்ல. பாசிக்கு வேர் இல்லை. உடல் முழுவதாலும் ஊட்டத்தை வாங்குகிறது. அசையாத நீரில் ஒவ்வொரு இழையையும் சுற்றி ஊட்டம் தீர்ந்துபோன மெல்லிய நீர்ப்படலம் ஒன்று நின்றுவிடும். அறையில் நைட்ரேட் இருந்தும் இழை பட்டினி கிடக்கும். ஓட்டம் அந்தப் படலத்தைக் குறைத்துப் புது நீரை இழையின் மேல் கொண்டுவந்து சேர்க்கிறது, வண்டல் படியாமலும் பார்த்துக்கொள்கிறது. புகலிட அறையில் நீர் தேங்கி மெதுவாக ஓட வேண்டும் என்ற பழைய அறிவுரை, கோபிபாட் போன்ற சிற்றுயிர்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. பாசிக்கு அது ஒத்துவராது.

கவனமாகப் பார்க்க வேண்டியது ஊட்டச் சமநிலை. கடலின் நுண்மிதவைகளில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் 106:16:1 என்ற விகிதத்தில் இருப்பதை ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டின் ஆய்வுகள் நிலைநாட்டின. பலரும் இதையே கடற்பாசிக்கும் பொருத்திப் பேசுகிறார்கள். ஆனால் அட்கின்சனும் ஸ்மித்தும் 1983-இல் உலகின் பல இடங்களிலிருந்து கிடைத்த அடிநிலக் கடல்தாவரங்களின் அளவுகளைத் தொகுத்தபோது கிடைத்த விகிதம் 550:30:1. ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 30 நைட்ரஜன் அணுக்கள். அதாவது முன் சொன்ன 100 கிராம் பாசி 300 லிட்டர் நீரிலிருந்து லிட்டருக்கு 4.4 மில்லிகிராம் நைட்ரேட்டை எடுக்கும்போது பாஸ்பேட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமை ஒட்டியே எடுக்கிறது. மீன் தீனியிலோ நைட்ரஜனோடு ஒப்பிட்டால் பாஸ்பரஸ் இதைவிட அதிகம். பாறைக்குள் வாழும் நுண்ணுயிர்களும் நைட்ரேட்டைத்தான் வாயுவாக்கி விடுகின்றன, பாஸ்பேட்டை அல்ல.

விளைவு, நன்றாக ஓடும் புகலிடத் தொட்டிகளில் சில மாதங்கள் கழித்து ஒரு விந்தை நேரும். சோதனைக் குப்பியில் நைட்ரேட் சுழியம். பாஸ்பேட் மட்டும் தங்கியிருக்கும். கீட்டோ வளர்வதை நிறுத்தி வெளிறத் தொடங்கும். பாஸ்பேட் இருப்பதைக் கண்டவர் இன்னும் பாசி வேண்டும், இன்னும் வெளிச்சம் வேண்டும் என்று முயல்வார். பயிருக்குத் தேவைப்படுவதோ நைட்ரஜன். மீனுக்குச் சற்று அதிகமாகத் தீனி போடுவது, அல்லது சோடியம் நைட்ரேட்டை மிகச் சிறிய அளவில் அளந்து ஊற்றுவது, இரண்டில் ஒன்று பாசியை மீட்கும். நீரைத் தூய்மைப்படுத்த வளர்த்த பாசிக்கு உரம் போடுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் அந்த நைட்ரேட்டோடு சேர்த்துத்தான் பாசி பாஸ்பேட்டையும் உள்வாங்கும்.

இரண்டும் சுழியமாவது அதைவிட மோசம். பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசிக்கும் பாஸ்பரஸ் வேண்டும். நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் பட்டினி ஏற்படும்போது பவளங்கள் வெப்பத்துக்கும் ஒளிக்கும் எளிதில் வெளுத்துவிடுகின்றன என்று யோர்க் வீடன்மன் குழுவினர் 2013-இல் காட்டினார்கள். ஆகவே புகலிடத் தொட்டியின் குறிக்கோள் ஊட்டத்தைத் துடைத்தெறிவதாக இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற அளவில் நிலையாக இருந்தால் பாசியும் பவளமும் சேர்ந்தே வாழும். அளவு இதற்குக் கீழே இறங்கினால் புகலிட விளக்கின் நேரத்தைக் குறைக்க வேண்டும். 14 மணி நேரத்தை 8 மணி நேரமாக்கினாலே வித்தியாசம் தெரியும். விளக்கின் கடிகாரமே இந்தப் பயிரின் மடைக்கதவு.

இரும்புச் சத்தும் விரைவில் தீர்ந்துபோகும். மிகச் சிறிதளவே வேண்டும் என்றாலும், பச்சையம் உருவாகவும் நைட்ரேட்டைப் பயன்படுத்தவும் இரும்பு இல்லாமல் முடியாது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் இருந்தும், ஒளி போதுமாக இருந்தும் கீட்டோ மஞ்சளித்தால் இரும்பையோ மாங்கனீசையோ சந்தேகிக்கலாம். ஒழுங்காக நீர் மாற்றும் தொட்டிகளில் புது உப்போடு இவை ஓரளவு வந்துவிடும்.

வளர்ச்சி நிற்பதற்கு இன்னொரு காரணம் போட்டி. காட்சித் தொட்டியின் பாறைகளில் முடிப்பாசி மண்டியிருந்தால் ஊட்டம் அங்கேயே தீர்ந்துவிடும். கீழே இறங்கி வருவது மிச்சம் மீதிதான். அந்த நிலையில் புதிதாகப் போட்ட கீட்டோ தோற்கும். முதலில் முடிப்பாசியைக் கையால் பறித்து எடுத்துவிட்டு, பிறகு கீழே பயிரிட வேண்டும். கீட்டோவின் இழைகள் மீதே முடிப்பாசி படர்வதும் உண்டு. அப்படிப் படர்ந்த பகுதியை இரக்கமில்லாமல் வெட்டி எறிவதே நல்லது. வாங்கி வந்த பாசியை முதல் நாளே ஒரு வாளிக் கடல்நீரில் அலசி, பிரித்துப் பார்த்து, ஐப்டேசியா போன்ற கொட்டும் கடல்தாமரைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று தேடினால் பின்னால் வரும் தொல்லை குறையும்.

புகலிட விளக்கை இரவில் எரிய விடுவதில் இன்னொரு நன்மை இருக்கிறது. பகலில் காட்சித் தொட்டியின் பவளங்களும் பாசிகளும் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் பி.எச். அளவு உயரும். இரவில் எல்லா உயிரும் சுவாசிக்க, அது இறங்கும். மேலே விளக்கு அணையும் நேரத்தில் கீழே விளக்கு எரிந்தால், வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதியைப் பாசி வாங்கிக்கொள்ளும். ஏற்ற இறக்கம் தணியும். பாசி நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும்போது நீரின் காரத்தன்மையும் சற்றே உயர்கிறது. அம்மோனியா நைட்ரேட்டாக மாறியபோது இழந்தது இப்படித் திரும்பக் கிடைக்கிறது.

பாசி கரிமப் பொருள்களைச் சிறிது சிறிதாக நீரில் விடுவதும் உண்மை. வெள்ளை வாளியில் பிடித்துப் பார்த்தால் நீர் இலேசாக மஞ்சள் தட்டியிருக்கும். செயலூட்டப்பட்ட கரித்துகள் நிறைந்த ஒரு பை அதைப் போக்கிவிடும்.

புகலிடம் என்ற பெயருக்கு உரியவர்கள் வேறு சிலர். நள்ளிரவில் புகலிட விளக்கை அணைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்துக் கைவிளக்கைக் கண்ணாடியோரம் பிடித்தால் வெண்புள்ளிகள் விட்டு விட்டுத் துள்ளுவது தெரியும். அவை கோபிபாட்கள். வளைந்த முதுகோடு பக்கவாட்டில் நெளிந்து ஓடுபவை ஆம்பிபாட்கள். மேல் தொட்டியில் மீன்கள் இவற்றை விட்டு வைப்பதில்லை. இங்கே கீட்டோ இழைகளின் சிக்கலுக்குள் இவை பெருகி, குஞ்சுகளும் முட்டையேந்திய தாய்களும் நீரோட்டத்தோடு சிறிது சிறிதாக மேலே போய்ச் சேருகின்றன. உலர்தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காத மாண்டரின் மீன் நாள் முழுவதும் பாறையில் கொத்திக் கொத்தித் தேடுவது இவற்றைத்தான். அறுவடை நாளில் வெட்டிய பாசியை உடனே எறிந்துவிடாமல் தொட்டிநீர் நிறைந்த வாளியில் நன்றாக உதறி எடுத்தால், வாளியின் அடியில் நூற்றுக்கணக்கில் இவை தங்கும். அந்த நீரைக் காட்சித் தொட்டியில் ஊற்றினால் மீன்களுக்கு அது விருந்து.

உதறி எடுத்த பாசியை எங்கே போடுவது என்பதும் வளர்ப்பின் ஒரு பகுதி. 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்ட காலர்ப்பா டாக்சிஃபோலியா, மீன் காட்சியகங்களில் வளர்க்கப்பட்டு வந்த வகை. அது பிறகு மத்தியதரைக் கடலில் கடற்புல் படுகைகளின் மேல் பரவியது. 2000-இல் அதே வகை கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் நகருக்கு அருகே உள்ள அகுவா ஹெடியோண்டா காயலில் கண்டுபிடிக்கப்பட்டது. கருப்புத் தார்ப்பாய்களால் மூடி உள்ளே குளோரின் செலுத்தி, அழித்துவிட்டோம் என்று 2006-இல் அறிவிக்க 70 லட்சம் டாலருக்கு மேல் செலவானது. மன்னார் வளைகுடாவுக்கும் இது அயலான கதை அல்ல. வணிகத்துக்காகக் கொண்டுவந்து வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அது தொட்டியிலிருந்து போனதல்ல. ஆனால் அயல்பாசி பவளத்தின் மேல் ஏறினால் என்ன ஆகும் என்பதை நம் கரையிலேயே காட்டியது.

ஆகவே அறுத்த பாசியைக் கடலிலோ காயலிலோ கழிவுநீர்க் கால்வாயிலோ விடக் கூடாது. ஒரு பையில் கட்டி இரண்டு மூன்று நாள் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைக்கலாம், அல்லது மொட்டைமாடி வெயிலில் மொறமொறவென்று காயும்வரை உலர்த்தலாம். அதன் பின் நல்ல நீரில் உப்புப் போக இரண்டு முறை அலசி, எருக்குழியில் மற்றக் குப்பையோடு கலந்துவிடலாம்.